மூளைக் கட்டி: சிற்றூரிலிருந்து ஸ்கேன் வரையிலான தொலைவு

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் வெதுருகுப்பம் என்றொரு மண்டலம் உள்ளது. 'வெதுரு' என்றால் தெலுங்கில் மூங்கில்; 'குப்பம்' என்பது தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவான சொல். மாந்தோப்பும் கரும்பும் கறவை மாடும் இவ்வட்டாரத்து மக்களின் பிழைப்புக்கு ஆதாரங்கள். ஒரு பக்கம் திருப்பதியும் மறுபக்கம் சித்தூரும் உள்ளன. சித்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் வேலூர். 1911-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை சித்தூர் நகரமே வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. எனவே மாநில எல்லை இடையில் வந்த பின்னரும், நோய் நொடி என்றால் வேலூருக்குப் புறப்படும் பழக்கம் இப்பகுதி மக்களிடையே மாறவில்லை.

மூளை நோய்களைப் பொறுத்தவரை இந்த அமைவிடம் ஒரு பெரும் வாய்ப்பு எனலாம். இந்தியாவில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கென முதன்முதலாகத் தனித்துறை தொடங்கப்பட்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடமும், பின்னர் அமெரிக்காவின் சிகாகோவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் அதனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இத்துறைப் பணியை மேற்கொண்டார். 1951-இல் இவ்விருவரும் டாக்டர் பல்தேவ் சிங், டாக்டர் எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993 முதல் செயற்பட்டு வருகிறது. டாட்டா அறக்கட்டளைகளின் துணையுடன் அமைந்த புற்றுநோய் மருத்துவமனை ஒன்றும் 2022-இல் அந்நகரில் திறக்கப்பட்டது.

நாட்டின் மிகப் பல கிராமப் பகுதிகளுக்கு இத்தகைய அருகாமை கிட்டியதில்லை. ஆயினும் அருகாமை மட்டும் நோயாளியை உரிய நேரத்தில் மருத்துவரிடம் கொண்டு சேர்த்துவிடுவதில்லை. முதல் அறிகுறி தோன்றிய நாளுக்கும் முதல் ஸ்கேன் எடுக்கப்படும் நாளுக்கும் இடையே கழியும் வாரங்களைச் சாலையின் நீளத்தால் அளவிட இயலாது. மூளைக் கட்டியைப் 'தொடக்க நிலையிலேயே கண்டறிதல்' என்னும் குறிக்கோள் உண்மையில் இந்த இடைவெளியைப் பற்றியதேயாகும்.

நோயின் இயல்பு

மண்டையோடு விரிந்து கொடுக்காத ஓர் எலும்புப் பெட்டி. அதனுள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடமுண்டு. நான்காவதாக ஏதேனும் வளரத் தொடங்கினால், அது புற்றுநோயாக இருப்பினும் இல்லாவிடினும், உள்ளழுத்தம் உயர்கிறது. வயிற்றிலோ தோளிலோ தோன்றும் தீங்கற்ற கட்டியைப் பல ஆண்டுகள் பொருட்படுத்தாமல் இருந்துவிட முடியும். மூளையில் அது இயலாது. 'புற்றுநோய் இல்லை' என்ற சொல் தரும் ஆறுதலை இந்நோயில் மட்டும் முழுமையாக நம்பிவிடக் கூடாது.

மூளைக் கட்டி என்பது ஒரே நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாடு இவற்றைப் பல குடும்பங்களாகப் பிரித்து, வீரியத்தைப் பொறுத்து 1 முதல் 4 வரை படிநிலை தருகிறது. மூளை உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாக வளர்வது. முழுமையாக அகற்றப்பட்டால் நோயாளி பல்லாண்டுகள் வாழ்வார். இதற்கு நேர்மாறானது கிளியோபிளாஸ்டோமா. அறுவை, ஆறு வாரக் கதிரியக்கம், டெமோசோலமைடு மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்த சிகிச்சைமுறை 2005-இல் வெளியான ஆய்வின் மூலம் உறுதிப்பட்டது. கதிரியக்கம் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதங்களாக இருக்க, மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 14.6 மாதங்களாக உயர்ந்தது. இவை தவிர, நுரையீரல், மார்பகம் போன்ற பிற உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய் மூளைக்குப் பரவுவதும் உண்டு. வயது வந்தோரிடையே இவ்வகையே மிகுதி.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3.2 இலட்சம் பேருக்கு மூளை மற்றும் மைய நரம்பு மண்டலப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. இந்தியாவுக்கு 2018-இல் இம்முகமை கணித்த எண்ணிக்கை 28 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. தீங்கற்ற கட்டிகள் இக்கணக்கில் அடங்கா. மார்பகப் புற்றுநோயோடும் வாய்ப் புற்றுநோயோடும் ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். தேசியத் திட்டங்களின் முன்னுரிமைப் பட்டியலில் இந்நோய் இடம்பெறாததற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது காரணமும் உண்டு.

முகாம் நடத்திக் கண்டறியக் கூடிய நோயன்று

வாய்ப் புற்றுநோயைக் கண்ணால் பார்த்தே ஐயுற முடியும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எளிய சோதனை உண்டு. மூளைக் கட்டிக்கு அத்தகைய பொதுச் சோதனை எதுவுமில்லை. நோயற்ற ஆயிரக்கணக்கானோருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து ஒருவரைக் கண்டுபிடிப்பது பொருளாதார நோக்கில் வீண் செலவு. தேவையற்ற அச்சத்தையும் தேவையற்ற அறுவைகளையும் அது பெருக்கும். புகையிலையை ஒழித்தால் குறையும் நோய் என்று சொல்லவும் வழியில்லை. ஐயமற நிறுவப்பட்ட சுற்றுச்சூழல் காரணி அயனியாக்கும் கதிர்வீச்சு ஒன்றே. கைப்பேசிகளைப் பற்றிய ஐயம் நெடுநாளாக உலவி வருகிறது. 2011-இல் பன்னாட்டு முகமை வானொலி அலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கக் கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது; ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் 2024-இல் வெளிவந்த விரிவான மீளாய்வு கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

ஆகவே சுவரொட்டியும் ஊர்வலமும் இந்நோய்க்கு அதிகம் உதவுவதில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மூளைக் கட்டி நோயாளர் உதவிச் சங்கத்தின் முயற்சியால் 2000 முதல் ஜூன் 8 உலக மூளைக் கட்டி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் மருத்துவமனைகளில் கூட்டங்கள் நடைபெறுகின்றன, நன்று. ஆனால் அக்கூட்டத்திற்கு வருவோர் பெரும்பாலும் நோயை ஏற்கெனவே அறிந்தவர்கள். அறிய வேண்டியவர்கள் வேறிடங்களில் இருக்கிறார்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவில், கடைத்தெருவின் மருந்துக் கடையில், மூக்குக் கண்ணாடிக் கடையில், பள்ளி வகுப்பறையில்.

தலைவலி வந்தவர் எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புவது எந்த மாவட்டத்தாலும் இயலாது. தலைவலிகளில் மிகப் பெரும்பான்மை மூளைக் கட்டியால் வருபவை அல்ல. எது வேறுபட்டது என்பதையே சுகாதாரப் பணியாளர் அறிந்திருக்க வேண்டும். அதிகாலையில் மிகுந்து, வாந்தியெடுத்ததும் சற்றுத் தணிந்து, வாரத்திற்கு வாரம் கூடிக்கொண்டே போகும் தலைவலி அவற்றுள் ஒன்று. அதுவரை வலிப்பே அறியாத நடுவயதினருக்குத் திடீரென வரும் வலிப்பு மற்றொன்று. ஒரு பக்கக் கை கால் மெல்ல மெல்ல வலுவிழத்தல், பேச்சில் சொல் தடுமாறுதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், ஒரே காதில் மட்டும் கேள்விக் குறைவும் நடையில் தள்ளாட்டமும் ஏற்படுதல் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. பக்கவாதம் நிமிடங்களில் வருகிறது. கட்டி வாரங்களில் வருகிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டறிந்தாலே பாதிப் பணி முடிந்தது எனலாம்.

மூளையின் முன்மடலில் வளரும் கட்டி சில வேளைகளில் தலைவலியே தருவதில்லை. கணக்கு வழக்கில் தேர்ந்த ஒருவர் சில மாதங்களில் எதிலும் நாட்டமற்றவராக, கூச்சமற்றவராக, குளிக்கவும் மறந்தவராக மாறிவிடுகிறார். குடும்பத்தார் அதனை மனநோய் என்றோ, முதுமை என்றோ, செய்வினை என்றோ கருதுகின்றனர். வலிப்புக்கும் இதே நிலைதான். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுவதும் இன்றும் காணக்கூடிய வழக்கங்கள். முன்னது பயனற்றது, பின்னது பல்லையும் மூச்சையும் கெடுப்பது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலிப்பு நீடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறையானது.

பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டிகள் மேலும் ஏமாற்றுபவை. மணமான இளம்பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று, கருவுறாமலேயே மார்பில் பால் சுரந்தால், அது மூளையடிச் சுரப்பியின் கட்டியாக இருக்கலாம் என்று குடும்பத்தில் எவருக்கும் தோன்றுவதில்லை. குழந்தையின்மைப் பழி அவள்மீது விழுகிறது. இவ்வகைக் கட்டிகளுள் பெரும்பாலானவை மாத்திரைகளாலேயே சுருங்கிவிடக் கூடியவை என்பது பலர் அறியாத செய்தி. வேறு சிலருக்கு மோதிரம் இறுகுகிறது, செருப்பின் அளவு ஆண்டுதோறும் கூடுகிறது, முகவாய் நீள்கிறது. இவற்றை மூக்கின் வழியாகவே அறுவை செய்து அகற்றும் முறை இன்று வழக்கத்திலுள்ளது.

கண்ணே சாளரம்

இந்நோயைக் கண்டறிவதில் மிக மலிவானதும் மிகவும் புறக்கணிக்கப்பட்டதுமான கருவி கண் உட்காட்டி. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் இதனை உருவாக்கினார். கண்மணியின் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தால் கண் நரம்பின் தலை தெரியும். மண்டையோட்டினுள் அழுத்தம் உயரும்போது அந்நரம்பின் தலை வீங்குகிறது. தொடக்கத்தில் நோயாளியின் பார்வை பெரும்பாலும் குறைவதில்லை. ஆதலால் அவர் கண் மருத்துவரை நாடுவதுமில்லை. பார்வை மங்கத் தொடங்கியதும் கண்ணாடிக் கடைக்குச் செல்கிறார். ஒரு கண்ணாடி பயன் தராமல் மற்றொன்று வாங்கப்படுகிறது. அதற்குள் நரம்பு வெளிறிச் சுருங்கிவிடுகிறது. பின்னர் கட்டி முற்றிலும் அகற்றப்பட்டாலும் பார்வை திரும்புவதில்லை. உயிர் பிழைத்தும் கண்ணிழந்த இத்தகையோரின் இழப்பு இறப்புப் புள்ளிவிவரங்களில் தென்படாது. காலதாமதத்தின் விலையை உயிரிழப்பால் மட்டும் அளப்பது எவ்வளவு குறையுடையது என்பதற்கு இது சான்று.

கிராமங்களில் வேறெந்தச் சிறப்பு மருத்துவத்தையும்விடப் பரவலாகச் சென்றடைந்திருப்பது கண் மருத்துவமே. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இல் தொடங்கப்பட்ட பின்னர் கண்புரை முகாம்களும் பள்ளிக் கண் சோதனைகளும் சிற்றூர்களுக்கு அறிமுகமாயின. நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையைப் படம்பிடிக்கும் கருவிகளும் இப்போது பல இடங்களில் உள்ளன. கண்ணாடி அணிந்தும் பார்வை தெளியாதவர், தலைவலியோடு வருபவர் ஆகியோரின் கண் நரம்பைப் பார்த்தே அனுப்புவது என்று ஒரு விதியை இம்முகாம்களில் சேர்த்துக்கொண்டால், புதிய திட்டமோ புதிய பணியிடமோ தேவைப்படாது.

கட்டி எல்லாம் கட்டியன்று

ஒரு படிப்பினையும் வேலூரிலிருந்து கிடைத்தது. கணினி வழி ஊடுகதிர்ப்படம் எனப்படும் சி.டி. ஸ்கேனை ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கினார். 1971 அக்டோபர் 1 அன்று இலண்டனில் அதன் மூலம் முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டவர் மூளைக் கட்டி இருப்பதாக ஐயுறப்பட்ட ஒரு பெண்மணி. அதற்கு முன்பு மூளையறைகளில் காற்றைச் செலுத்தியும் இரத்தக் குழாய்களில் சாயத்தைச் செலுத்தியும் மறைமுகமாகவே கட்டியை ஊகிக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்தபின் ஒரு புதிர் எழுந்தது. வலிப்புடன் வரும் இளவயதினர் பலரின் மூளையில் சிறிய வளையம் போன்ற புள்ளி தென்பட்டது. காசநோய் மிகுந்த நாடாதலால் அவை காசநோய்க் கட்டிகள் என்றே பெரும்பாலும் கருதப்பட்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்துகள் கொடுக்கப்பட்டன.

வேலூர் மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் அப்புள்ளிகளை அறுவை செய்தெடுத்துத் திசு ஆய்வுக்கு உட்படுத்தினர். அவற்றுட் பல, பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கி மடிந்து உண்டாக்கியவை என்பது புலனாயிற்று. 1989-இல் 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளிவந்தது. இதன் விளைவாக, மண்டையோட்டைத் திறக்க வேண்டியவர் யார், வலிப்பு மருந்துடன் காத்திருந்து மறு ஸ்கேன் எடுத்தால் போதுமானவர் யார் என்று பிரித்தறியும் நெறிமுறை உருவாயிற்று. அறுவைக்கும் நீண்டகால மருந்துக்கும் ஆளாகாமல் தப்பியோர் எண்ணற்றோர். பின்னாளில் வேலூர் மாவட்டத்தில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடையே நடைபெற்ற கணக்கெடுப்பில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணம் எனக் காணப்பட்டது.

பன்றி இறைச்சியே உண்ணாதவர்களுக்கும் இந்நோய் வருவது பலருக்கு வியப்பளிக்கிறது. புழுவின் முட்டைகள் மனிதக் கழிவின் வழியாக மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத காய்கறி வழியாகவும் கை வழியாகவும் பிறர் வயிற்றைச் சென்றடைகின்றன. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் கழிப்பறைகளுக்கும் நரம்பியல் மருத்துவமனையின் ஸ்கேன் அறைக்கும் இவ்வாறொரு தொடர்புண்டு. ஸ்கேனில் 'கட்டி' என்றதும் குடும்பம் நிலைகுலைந்து போவதற்கு முன், அது எவ்வகைக் கட்டி என்று கேட்பதற்கு நியாயம் இருக்கிறது.

குழந்தைகள்

குழந்தைப் பருவப் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் மூளைக் கட்டிகளுக்கே. பெரியவர்களுக்கு நேர்மாறாக, குழந்தைகளுக்கு இவை பெரும்பாலும் சிறுமூளைப் பகுதியில் தோன்றுகின்றன. காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வாந்தி எடுக்கும் குழந்தை பள்ளிக்கு அஞ்சி நடிப்பதாகக் கருதப்படுகிறது; வயிற்றுப் பூச்சி மருந்து தரப்படுகிறது. பின்னர் நடை தள்ளாடுகிறது, தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, கையெழுத்து கெடுகிறது. இம்மாற்றத்தை முதலில் காணக்கூடியவர் வகுப்பாசிரியர்.

பிரிட்டனில் 2011-இல் தொடங்கப்பட்ட 'ஹெட்ஸ்மார்ட்' இயக்கம் இவ்வகையில் ஆராயத்தக்கது. புதிய கருவி எதையும் அது வாங்கவில்லை. குழந்தையின் வயதுக்கேற்ப அறிகுறிகளைப் பட்டியலிட்ட சிறு அட்டையொன்றைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் வழங்கியது. அந்நாட்டில் 2006-இல் அறிகுறி தோன்றியது முதல் நோய் கண்டறியப்படும் வரையிலான இடைநிலைக் காலம் 14 வாரங்களுக்கும் அதிகமாக இருந்தது. 2013-இல் அது 7 வாரங்களுக்கும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய் முயற்சியில் முன்னுரிமை பெறும் ஆறு நோய்களுள் ஒன்றாக வீரியம் குறைந்த கிளியோமாவைச் சேர்த்துள்ளது.

இந்தியாவில் 2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று வருகின்றன. கண்பார்வைக் குறைவும் வளர்ச்சித் தாமதமும் அக்குழுக்கள் ஏற்கெனவே சோதிப்பவை. கைக்குழந்தையின் தலைச் சுற்றளவை அளக்க ஒரு நாடா போதும். தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்ட ஓர் அட்டையை இக்குழுக்களின் பையில் சேர்ப்பது சித்தூர் போன்ற இருமொழி மாவட்டத்திற்கு அரிய செயலன்று.

செலவு எங்கே விழுகிறது

நோய் கண்டறியப்பட்ட பின் எழும் கேள்வி பணத்தைப் பற்றியது. ஆந்திரப் பிரதேசம் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்னும் பெயரில், ஏழைக் குடும்பங்களின் பெரிய அறுவைகளுக்கான செலவை அரசே ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டில் இத்தகைய திட்டங்களுக்கு இதனை முன்னோடி எனலாம். பெயர்கள் மாறி, 2024 முதல் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை என வழங்குகிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டு, தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலுத்தும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. இம்முன்னேற்றம் குறைத்து மதிப்பிடத் தக்கதன்று.

ஆனால் இத்திட்டங்கள் நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்த பின்னரே பயன்படத் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய அலைச்சல், ஆலோசனைகள், முதல் ஸ்கேன் ஆகியவை பெரும்பாலும் குடும்பத்தின் கைப்பணம். எல்லை மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் அட்டை எல்லா மருத்துவமனைக்கும் செல்லுபடியாகாது. குறிப்பிட்ட சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கே செல்லும். வேலூருக்கா, திருப்பதிக்கா, சென்னைக்கா என்னும் முடிவை உறவினரின் வாய்மொழி கேட்டு எடுக்கும் குடும்பம், அட்டை செல்லாத இடத்தில் இறங்கி நிற்க நேரிடுகிறது. புறப்படுவதற்கு முன் திட்டத்தின் உதவி அலுவலரைக் கேட்டறிவது ஒரு நாள் வேலை. கேளாமல் சென்றால் ஓர் ஏக்கர் நிலத்தையே அடகு வைக்க நேரிடலாம்.

அறுவை முடிந்ததும் செலவு முடிவதில்லை. வீரியமிக்க கட்டிக்குக் கதிரியக்கம் வழக்கமாக 30 அமர்வுகள். வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்கள். ஒவ்வொரு அமர்வும் சில நிமிடங்களே. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக நோயாளியும் துணைக்கு ஒருவரும் நகரில் தங்க வேண்டும். வாரம் ஆறு வேலை நாளென்று கொண்டால் ஒருவருக்கு 36 நாள், இருவருக்கு 72 நாள் கூலி இழப்பு. 2024-25 நிதியாண்டில் ஆந்திரப் பிரதேசத்திற்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 300 ரூபாய். அக்கணக்கில் இழப்பு 21,600 ரூபாய். அறை வாடகை, உணவு, பேருந்துக் கட்டணம் இதற்குப் புறம்பானவை. சிகிச்சை இலவசம் என்ற நிலையிலும் பலர் பத்தாம் அமர்வுடன் ஊர் திரும்பிவிடுவதற்குரிய காரணத்தை இந்த எளிய கணக்கிலேயே காணலாம். பாதியில் நின்ற கதிரியக்கத்தால், அதுவரை அரசு செய்த செலவும் பயனற்றுப் போகிறது.

இதனை ஆந்திர அரசு ஒரு கட்டத்தில் உணர்ந்திருந்தது. 2019 இறுதியில் தொடங்கப்பட்ட 'ஆரோக்கிய ஆசரா' திட்டம், அறுவைக்குப் பின் ஓய்விலிருக்கும் நாட்களுக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்திற்கு 5,000 ரூபாய் வரை வழங்கியது. தொகை சிறிது, ஆயினும் நோயாளியின் கூலியும் மருத்துவச் செலவின் ஒரு பகுதியே என்று அரசுக் கணக்கில் ஏறியது புதுமை. புற்றுநோயாளிகளுக்கு இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. திருப்பதியிலிருந்து பாகாலை, சித்தூர் வழியாகக் காட்பாடி வரை இரயில் பாதை இருப்பதால் இப்பகுதியினருக்கு இது நேரடியாகப் பயன்படும். சலுகைக்குரிய மருத்துவச் சான்றிதழை மருத்துவமனையிலேயே கேட்டுப் பெற வேண்டும்.

வீடு திரும்பிய பின்

கட்டி அகற்றப்பட்ட நோயாளி ஊருக்குத் திரும்புகையில் அவரிடம் ஒரு கோப்பும் ஒரு மருந்துச் சீட்டும் இருக்கின்றன. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரும். மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. இவ்விரண்டும் விலை குறைந்த மருந்துகள். அவை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றிக் கிடைப்பதே மறுபயணத்தைத் தவிர்க்கும் முதல் உதவி. 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி தொலைமருத்துவ ஏற்பாட்டின் வழியே நிலைய மருத்துவர் சிறப்பு மருத்துவரைக் கலந்தாலோசிக்க இயலும். ஆறு மாதத்திற்கொரு ஸ்கேன் தவிர மற்றவற்றுக்கு நோயாளி நகரம் செல்ல வேண்டுவதில்லை.

கை கால் வலுவிழந்தோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தேவை. இத்துறையிலும் வேலூருக்கு ஒரு வரலாறுண்டு. விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். பயிற்சி முடிந்து ஊர் வந்தவருக்கு இயன்முறை மருத்துவர் கிட்டாவிடினும், குடும்பத்தில் ஒருவர் அங்கேயே பயிற்சிகளைக் கற்று வருவது நடைமுறையில் பெரிதும் உதவுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் மூளைக் கட்டி என்ற பெயர் இல்லை. ஆதலால் தமக்கு உரிமையில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது சரியன்று. கட்டி விட்டுச் சென்ற பார்வையிழப்பு, இயக்கக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. 40 சதவீதத்திற்குக் குறையாத பாதிப்பு எனச் சான்றளிக்கப்பட்டால் தனித்துவ அடையாள அட்டையும் பிற பயன்களும் பெறலாம். ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. விண்ணப்பத்தில் நோயின் பெயரை எழுதுவதைவிட அதன் விளைவாகிய குறைபாட்டை எழுதுவதே பயன் தரும் என்பதைக் கிராமச் செயலகப் பணியாளர் எடுத்துரைக்கலாம்.

குணமாகும் வாய்ப்பில்லாத நோயாளிகளும் உள்ளனர். அவர்களை இறுதி மாதங்களில் ஊர் ஊராக ஸ்கேனுக்கு அலைக்கழிப்பது குடும்பத்தின் அன்பால் நேர்வது. அதனால் எஞ்சுவது கடன் ஒன்றே. தேசிய வலி தணிப்புச் சிகிச்சைத் திட்டம் 2012-இல் வகுக்கப்பட்டது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் செய்யப்பட்ட திருத்தம், மார்ஃபின் போன்ற வலி மருந்துகளை மருத்துவமனைகள் பெறுவதற்கான உரிம நடைமுறையை எளிமையாக்கியது. கேரளத்தில் அக்கம்பக்கத்தார் தொண்டர்களாகச் சேர்ந்து வீட்டிற்கே சென்று இப்பணியாற்றுகின்றனர். சித்தூர் மாவட்டத்தில் ஆஷா பணியாளருக்கு இப்பயிற்சியை அளித்தால், படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதையும், விழுங்க இயலாதவருக்கு உணவூட்டுவதையும், வலிப்பு வந்தால் எவரை அழைப்பது என்பதையும் வீட்டிலுள்ள பெண்களுக்கு அவரே கற்பித்துவிடுவார்.